ராதாவுக்குள் இருந்த வெள்ளை

என் அக்கா மகன் அவினாசி ரோட்டில் உள்ள தன் வீட்டு மாடியில் பாம்பு வளர்க்கிறான். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகளில் வாழும் பால் பைத்தான் என்ற சின்ன மலைப்பாம்பு. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்திருக்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அந்தச் சட்டத்தை 2022இல் திருத்தினார்கள். 2024இல் வெளிநாட்டு இனங்களுக்கான விதிகள் வந்தன. உயிரோடு வைத்திருப்பது, குட்டி பிறப்பது, சாவது, கைமாறுவது எல்லாவற்றையும் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும். அவன் முறையாகப் பதிந்துதான் வைத்திருக்கிறான். பாங்காக்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பெட்டியில் அடைத்துக் கொண்டுவரப்பட்டுச் சென்னையிலும் திருச்சியிலும் பிடிபடும் பைத்தான்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் அவனுக்கு முகம் வாடிவிடும்.

அவனிடமிருந்த ஒரு ஜோடி எட்டு முட்டை இட்டது. தாயும் பழுப்பு, தகப்பனும் பழுப்பு. உடலெங்கும் கறுப்பும் தவிட்டு நிறமுமாகத் திட்டுகள். இரண்டு மாதம் பொரிபெட்டியில் வைத்துக் காத்திருந்தான். முட்டைகள் கீறியபோது ஆறு குட்டிகள் பெற்றவர்களைப் போலவே வெளியே வந்தன. மற்ற இரண்டும் வெள்ளை. பழுப்புத் திட்டு இருக்க வேண்டிய இடமெல்லாம் எலுமிச்சை மஞ்சள். கண் சிவப்பு.

திருப்பூர்ச் சாயப்பட்டறை லேபிலேயே தலை நரைத்தவன் நான். பையர் அனுப்பும் ஒரு சென்டிமீட்டர் துணித் துண்டைப் பார்த்து அதே ஷேடைக் கொண்டுவருவது என் வேலை. எங்களுக்கு நிறம் என்பது வெளியிலிருந்து ஏற்றுவது. சோடா உப்பு, கிளாபர் உப்பு, அறுபது டிகிரி சூடு, இவ்வளவு நேரம் என்று கணக்கிட்டுத் துணிக்குள் செலுத்துவது. இரண்டு பழுப்புப் பாம்புகளின் உள்ளே, தோலில் ஒரு துளியும் தெரியாமல், இந்த மஞ்சளும் வெள்ளையும் தலைமுறை தாண்டிக் காத்திருந்தன என்பதை என் கண் நம்பவில்லை. நெடுநேரம் அந்தப் பெட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவன் ஒரு தாளில் கட்டம் போட்டுக் காட்டினான். ஒவ்வொரு குணத்துக்கும் தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி. கறுப்பு நிறமியைச் செய்யும் பிரதி ஒன்று இருந்தாலே போதும், பாம்பு பழுப்பாகத்தான் பிறக்கும். பழுதுபட்ட பிரதி இரண்டும் ஒரே குட்டியில் சேர்ந்தால்தான் வெள்ளை. ஒரு பழுதை மட்டும் மறைவாகச் சுமக்கும் பாம்பை அவர்கள் ஹெட் என்கிறார்கள். இரண்டு ஹெட்டுகளைச் சேர்த்தால் நான்கில் ஒன்று நிறம் மாறிப் பிறக்க வாய்ப்பு. எட்டில் இரண்டு சரியாக வந்திருக்கிறது.

"இந்தக் கணக்கை நம்ம நாட்டுல ஒரு ராஜா புலியை வச்சுப் பாத்திருக்காருங்க மாமா. பாம்புக்காரங்களுக்கெல்லாம் முன்னாலயே" என்றான். அந்த ஒரு பேச்சுதான் எங்கள் இருவரையும் மத்தியப் பிரதேசத்து ரீவாவுக்குக் கொண்டுபோனது.

கோவையில் ஏறி, கொங்கண் கரை வழியாகச் சுற்றிப் போகும் ரயிலில் ஜபல்பூர் சேர்ந்தோம். அங்கிருந்து காரில் வடக்கே. கட்னியில் சுண்ணாம்புக் காளவாய்கள், சிமெண்ட் லாரிகளின் வரிசை, பிறகு மைஹர். மலை உச்சியில் சாரதா தேவி கோயில். ஊருக்குள் உஸ்தாத் அலாவுதீன் கான் வாழ்ந்து ரவிசங்கருக்கு சிதார் சொல்லிக்கொடுத்த வீடு. நேரமில்லாமல் இரண்டையும் வண்டியிலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போனோம். மைஹரைத் தாண்டியதும் நிலம் மாறுகிறது. விந்திய மேட்டு நிலம். அடுக்கடுக்காகப் பாறை, நடுநடுவே இலுப்பை மரங்கள், தூரத்தில் கைமூர் மலை ஒரு நீளக் கோடாக. தாராபுரம் பக்கத்துக் கரட்டுக் காட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த நிலம் அந்நியமாகத் தெரியவில்லை. ஆனால் வயலில் குனிந்திருப்பவர்கள் பேசும் பகேலி மொழியில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அக்கா மகனின் இந்தியும் பாதிதான் உதவியது.

ரீவாவிலிருந்து சிறிது தூரத்தில் கோவிந்தகர். பெரிய ஏரி, அதன் கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டு அரண்மனை. ஆனி மாதத் தொடக்கம் என்பதால் சாலையோரமெல்லாம் சுந்தர்ஜா மாம்பழம் குவித்திருந்தார்கள். கோவிந்தகருக்கே உரிய ரகம். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நார் இல்லை, வாசனை அப்படி ஒரு வாசனை. பழம் விற்ற அம்மாவிடம் மோகன் இருந்த இடம் எது என்று கேட்டோம். எந்த மோகன் என்று அவர் கேட்கவில்லை. கத்தியாலேயே அரண்மனைப் பக்கம் காட்டினார்.

1951 மே 27. ரீவா மகாராஜா மார்த்தாண்ட சிங்கின் வேட்டைக் குழு சீதி பக்கத்துக் காட்டில் ஒரு தாய்ப்புலியையும் அதனுடன் இருந்த குட்டிகளையும் சுட்டது. ஒரு குட்டி மட்டும் தப்பித்தது. அது வெள்ளை. சுமார் ஒன்பது மாத வயது. கூண்டு வைத்துப் பிடித்துக் கோவிந்தகர் அரண்மனைக்குக் கொண்டுவந்து மோகன் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காடுகளில் அதற்கு முன்பும் வெள்ளைப் புலிகள் இருந்தன. கண்ணில் பட்டவை சுடப்பட்டன. உயிரோடு வைத்துக்கொள்ள வேண்டும், இந்த நிறம் அழியக்கூடாது என்று நினைத்தவர் மார்த்தாண்ட சிங். தாயைச் சுட்டதும் அவருடைய வேட்டைக் குழுதான் என்பதை அந்த முற்றத்தில் நிற்கும்போது என்னால் மறக்க முடியவில்லை. இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன. மோகன் ஞாயிற்றுக்கிழமைகளில் இறைச்சி தொடாது, பால் மட்டும் குடிக்கும் என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். ராஜா அதோடு பந்து விளையாடுவார் என்றும் சொல்கிறார்கள்.

மோகனுக்கு பேகம் என்ற சாதாரண நிறப் பெண்புலியைச் சேர்த்தார்கள். 1953, 1955, 1956 என்று மூன்று ஈத்து. பத்துக் குட்டிகள். பத்தும் செம்மஞ்சள். ஒன்றுகூட வெள்ளை இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு மேல் சிலிர்த்தது. மோகனிடம் இருந்தது இரண்டு வெள்ளைப் பிரதி. பேகத்திடம் வெள்ளையே இல்லை. அப்படியானால் பிறந்த பத்துக் குட்டிகளும், விதிவிலக்கில்லாமல், தகப்பனின் வெள்ளையை ஒவ்வொரு பிரதியாக உள்ளே வைத்திருந்தன. அரண்மனையில் இருந்தவர்களின் கண்ணுக்கு முயற்சி மூன்று முறை தோற்றது. உண்மையில் பத்துப் புலிகளின் உடலில் வெள்ளை பத்திரமாக இருந்தது. அக்கா மகனின் மாடியில் பெட்டிமேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் போல யாராவது எழுதி ஒட்டியிருந்தால் பத்துக் கூண்டிலும் ஒரே சொல்லைத்தான் எழுதியிருப்பார்கள்.

பிறகு மோகனை அதன் மகள் ராதாவோடு சேர்த்தார்கள். தகப்பனுக்கு இரண்டு வெள்ளைப் பிரதி, மகளுக்கு ஒன்று. ஒவ்வொரு குட்டியும் வெள்ளையாகப் பிறக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 1958 அக்டோபர் 30 அன்று ராதா நான்கு குட்டிகளை ஈன்றது. நான்கும் வெள்ளை. ராஜா, ராணி, மோகினி, சுகேசி. கணக்குப்படி நான்கும் வெள்ளையாக அமைவது பதினாறில் ஒரு தடவைதான் நடக்கும். அந்த அதிர்ஷ்டம் கோவிந்தகருக்குக் கிடைத்தது.

அமெரிக்காவில் இதே காலத்தில்தான் பாம்பிலும் ஒருவர் இதைத் தேடிக்கொண்டிருந்தார். ஜார்ஜியா மாநிலத்தின் வால்டோஸ்டா ஊரில் பெர்னார்ட் பெக்டெல் என்ற தோல் மருத்துவர். வட கரோலினாவில் 1953இல் கறுப்பே இல்லாத ஒரு சோளப்பாம்பு காட்டில் பிடிபட்டது. பெக்டெலும் அவர் மனைவியும் அதன் வழியில் அடுத்தடுத்த தலைமுறைகளை வளர்த்து, 1961இல் கூண்டிலேயே அந்த நிறத்தைப் பிறக்க வைத்தார்கள். தோல் மருத்துவர் என்பதால் அவருக்கு நிறமி இல்லாத தோல்மேல் அந்த ஆர்வம். பால் பைத்தானில் வெள்ளை மறைந்து வரும் குணம்தான் என்று ஓக்லஹோமாவின் பாப் கிளார்க் 1992இல் குட்டி எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகு திட்டுத்திட்டாக வெள்ளை விழும் பைபால்ட், முகத்தில் கோலம் போட்ட கிளவுன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அக்கா மகன் சொன்னது சரி. கோவிந்தகர் இவர்கள் எல்லோருக்கும் முந்தியது.

ரீவா கோட்டையில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பிச்சியா, பீஹர் என்ற இரண்டு ஆறுகள் சேருமிடத்தில் கோட்டை. ராஜாங்க வாள், வெள்ளிச் சாமான், பாக்கில் செதுக்கிய பொம்மைகள் எல்லாம் உண்டு. பாக்குச் செதுக்குவது ரீவாவின் கைத்தொழில். ஒரு கொட்டைப்பாக்கில் பிள்ளையாரைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பாடம் செய்த வெள்ளைப் புலியும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. செத்த தோலில் நிறம் பார்ப்பது சரியல்ல. மயிர் மங்கி அழுக்கேறிவிடும். அதனால் அதைக் கடந்து வந்துவிட்டேன்.

உயிருள்ளதைப் பார்க்க முகுந்த்பூர் போனோம். மோகன் 1969 டிசம்பரில் இறந்தது. கோவிந்தகரின் கடைசி வெள்ளைப் புலியான விராட் 1976இல் இறந்தது. அதன்பிறகு இந்த நிறம் பிறந்த மண்ணில் சுமார் நாற்பது ஆண்டுகள் ஒரு வெள்ளைப் புலி இல்லை. பிரிஸ்டலில் இருந்தது, வாஷிங்டனில் இருந்தது, டெல்லியில் இருந்தது, ரீவாவில் இல்லை. 2015இல் போபாலின் வன விகாரிலிருந்து விந்தியா என்ற பெண்புலியைக் கொண்டுவந்து, 2016 ஏப்ரலில் முகுந்த்பூரில் மார்த்தாண்ட சிங் பெயரில் வெள்ளைப் புலி சஃபாரியைத் திறந்தார்கள்.

கம்பி போட்ட வண்டியில் உள்ளே போகிறோம். மழை வந்தும் வராத நேரம். புல் காய்ந்து மஞ்சளாக இருந்தது. வண்டி ஒரு வளைவில் நின்றது; ஓட்டுநர் விரலால் காட்டினார். முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு புல்லுக்கு நடுவில் சுண்ணாம்புப் பாறை என்று நான் நினைத்திருந்தது தலையைத் தூக்கியது.

வெள்ளை என்கிறோம். என் லேபில் வெள்ளை என்று யாரும் சொல்வதில்லை. மில்க் ஒயிட், ஆஃப் ஒயிட், ஸ்னோ ஒயிட், ஐவரி என்று தனித்தனி எண். பஞ்சு பிறக்கும்போதே வெள்ளை அல்ல, லேசான பாலேட்டு நிறம். பெராக்சைடில் கொதிக்கவைத்து அந்த நிறத்தை நீக்கிய பிறகுதான் பனியன் வெள்ளையாகிறது. புலியின் முதுகில் நான் பார்த்தது வெளுக்காத பருத்தியின் நிறம். வயிற்றிலும் கன்னத்திலும் சுத்த வெள்ளை. கோடுகள் கறுப்பல்ல, புகை படிந்த பழுப்பு. வால் பக்கம் போகப்போகச் சாம்பல். மூக்கு இளஞ்சிவப்பு. கண்தான் என்னைப் பேசவிடாமல் செய்தது. மழைக்கு முந்தைய வானத்தின் நீலம்.

பால் பைத்தானில் சிவப்புக் கண்ணைப் பார்த்திருந்தேன். அது கறுப்பு நிறமி முழுக்க நின்றுபோனதால் வருவது. புலியில் அப்படி இல்லை, கோடு அப்படியே இருக்கிறது. திருப்பூரில் பிரிண்டிங் தெரிந்த யாருக்கும் இதைச் சொன்னால் உடனே புரியும்: டிஸ்சார்ஜ் பிரிண்ட். தரைச் சாயத்தை மட்டும் ஒரு ரசாயனம் தின்றுவிடும். அதற்கு அசையாத சாயத்தில் போட்ட டிசைன் துணியில் நிற்கும். புலியின் மயிரில் இரண்டு வகை நிறமி. செம்மஞ்சள் ஒன்று, கறுப்பு ஒன்று. எஸ்எல்சி45ஏ2 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாற்றம், அதனால் அது செய்யும் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறுகிறது. செம்மஞ்சள் போய்விடுகிறது, கறுப்பு பெரும்பாலும் தங்குகிறது. பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் ஷுஜின் லுவோ குழு 2013இல் இதைக் கண்டுபிடித்தது. ஐரோப்பிய மனிதர்களின் வெளிர்த் தோலிலும் இதே மரபணுவுக்குப் பங்குண்டு.

பாம்பில் இந்த ஆராய்ச்சி இன்னும் அழகான வழியில் நடந்தது. அமெரிக்காவின் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹன்னா சைடலும் மாணவர்களும் ஒரு பாம்பையும் தொடவில்லை. பால் பைத்தான் வளர்ப்பவர்கள் வீட்டில் உரித்துப்போட்ட சட்டைகளைத் தபாலில் வாங்கினார்கள். அதிலிருந்து டிஎன்ஏ எடுத்து, எந்த நிறத்துக்கு எந்த மரபணு என்று பிரித்தார்கள். அல்பினோ ஒரு மரபணு, லாவெண்டர் அல்பினோ வேறொன்று, அல்ட்ராமெல் மூன்றாவது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகிற வெளிறல் மூன்று வேறு கதவுகள் வழியாக வந்திருக்கிறது. அந்தக் கட்டுரை 2022இல் வெளிவந்ததைக் கேள்விப்பட்டதிலிருந்து அக்கா மகன் சட்டை எதையும் வீசுவதில்லை. தேதி எழுதி உறையில் போட்டுவைக்கிறான்.

அன்று இரவு ரீவா விடுதியில் அவன் ஒரு குடும்ப மரத்தை வரைந்தான். அதைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மோகினியை அமெரிக்காவுக்கு வாங்கிக்கொண்டுபோனார்கள். விலை 10,000 டாலர், கொடுத்தவர் ஜான் குளூகே என்ற தொலைக்காட்சி நிறுவன முதலாளி. வாஷிங்டன் தேசிய விலங்கியல் பூங்காவின் இயக்குநர் தியோடர் ரீட் நேரில் வந்து அழைத்துப்போனார். 1960 டிசம்பரில் வெள்ளை மாளிகையில் அதிபர் ஐசனோவர் முன் மோகினி நின்றது. சரி, அதற்கு இணை எங்கே? ராதாவின் கூடப்பிறந்த சாம்சனைக் கொண்டுபோனார்கள். சாம்சன் மோகனின் மகன். மோகினி மோகனின் மகள். ஆக, தகப்பன் வழியில் அண்ணன். தாய் வழியில் தாய்மாமன். டெல்லிக்குப் போன ராஜாவும் ராணியும் கூடப்பிறந்தவர்கள், அவையும் ஜோடியாயின. உலகத்து விலங்கியல் பூங்காக்களில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை இந்த ஒரே மோகனின் வழி.

மறைந்திருப்பதை வெளியே கொண்டுவர மிக விரைவான வழி உறவுக்குள் சேர்ப்பது. வெள்ளை மட்டும் வெளியே வருமென்றால் கேடில்லை. ஒவ்வொரு உயிரும் எத்தனையோ பழுதுகளை ஒற்றைப் பிரதியாக, தொந்தரவில்லாமல் சுமந்துகொண்டிருக்கிறது. தகப்பனும் மகளும் சேரும்போது அவையும் ஜோடி சேர்கின்றன. வளைந்த முதுகு, கோணல் கால், பிஞ்சிலேயே சாவு. மாறுகண் தனி. அது உறவுக் கலப்பால் வந்ததல்ல, அந்த நிறத்தோடு ஒட்டிவருவது. கில்லரி, காஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1973இல் ஒரு வெள்ளைப் புலியின் மூளையை ஆராய்ந்து, விழியிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் தவறான பக்கத்துக்குக் கடப்பதைக் காட்டினார்கள். விழியின் நிறமி குறைந்தால் நரம்பு வழிதடுமாறுகிறது. நான் மயங்கி நின்ற அந்த நீலத்துக்குப் பின்னால் இது இருக்கிறது. அமெரிக்க விலங்கியல் பூங்காக்களின் சங்கம் 2011இல் தன் உறுப்பினர்கள் வெள்ளைப் புலிகளைத் திட்டமிட்டுப் பெருக்கக் கூடாது என்று நிறுத்தியது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

என் அம்மா தன் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர். எங்கள் சொந்தத்தில் அது வழக்கம். நிலம் பிரியாது, பெண் கண் பார்வையிலேயே இருப்பாள் என்பார்கள். அப்பா அம்மாவின் வாழ்க்கை நல்ல வாழ்க்கை. ஆனால் அதே சொந்தத்தில் பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகள் மூன்று வீட்டில் இருக்கிறார்கள். குலதெய்வக் குறை என்று பொங்கல் வைத்தார்கள், ஆடு வெட்டினார்கள். யாரும் யாருக்கும் கட்டம் போட்டுக் காட்டவில்லை. ரீவா விடுதியில் ஒரு புலிக் குடும்பத்தின் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளைகளின் முகம்தான் எனக்கு வந்தது. அக்கா மகளுக்கு வெளியில் மாப்பிள்ளை பார்த்தபோது முணுமுணுத்த பெரியவர்களுக்கு இந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

பாம்பு உலகத்திலும் இதே கேள்வி இருக்கிறது. ஸ்பைடர் என்று ஒரு பால் பைத்தான் வகை 1999இலிருந்து பெருகியது. கோடுகள் சிலந்தி வலை போல மெலிந்து ஓடும். அந்தக் குணம் ஒளிந்திருப்பதில்லை, ஒற்றைப் பிரதியிலேயே தெரியும். அந்த அழகோடு ஒரு தலையாட்டமும் கூடவே வருகிறது. பாம்பு இரையைத் தவறவிடும், சில நேரம் தலைகீழாகப் புரண்டு கிடக்கும். 2022இல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் ஸ்கேன் எடுத்து, உள்காதின் சமநிலைக் குழல்களே உருக்குலைந்திருப்பதைக் காட்டினார்கள். அக்கா மகனிடம் ஸ்பைடர் கிடையாது. அதைக் குறித்துப் பேசினாலே அவன் குரல் உயர்ந்துவிடும்.

நிறத்துக்காக எதையெல்லாம் கொடுக்கலாம் என்று நாங்களும் ஒருகாலத்தில் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் சாயத் தண்ணீர் நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணை. கீழ்ப் பக்கத்து வயல்கள் பாழாயின. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கழிவைச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஊர் முழுதும் கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறியது. நான் அந்த ஊரின் ஆள், அந்தப் பட்டறைகளின் ஆள். அதனால்தான் மாறுகண்ணோடு பிறக்கும் புலிக்குட்டியைப் பற்றி என்னால் மேம்போக்காகப் பேச முடியவில்லை.

ஆனால் வியப்பு குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் யூனிட்டில் கட்டிங் பிரிவில் ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துப் பையன்கள் இருக்கிறார்கள். நான் ரீவா போகிறேன் என்றதும் அதில் ஒருவன், "எங்க ஊர்ல கறுப்புப் புலி இருக்கு சார், கூண்டுல இல்ல, காட்டுல" என்றான். சிமிலிபால். அங்கே கோடுகள் அகன்று, ஒன்றோடொன்று சேர்ந்து, செம்மஞ்சள் வெறும் கீற்றாகத் தெரியும் புலிகள் உண்டு. பெங்களூரு தேசிய உயிரியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு 2021இல் அதன் காரணத்தை வெளியிட்டது: டாக்பெப் என்ற மரபணுவில் ஒரு மாற்றம், அதுவும் இரண்டு பிரதி சேர்ந்தால்தான் தெரியும். பூனையின் புரிக்கோடும் ஆப்பிரிக்காவின் ராஜ சிவிங்கிப்புலியின் பட்டையும் அதே மரபணுவின் வேலை. வண்டலூர் பூங்காவிலும் இத்தகைய புலிகள் இருந்திருக்கின்றன. சிமிலிபாலில் இதை யாரும் ஜோடி சேர்த்து வளர்க்கவில்லை. மற்ற காடுகளோடு தொடர்பு அறுந்து, சில புலிகளே தங்களுக்குள் பெருகியதால் மறைந்திருந்தது மேலே வந்துவிட்டது. மார்த்தாண்ட சிங் கூண்டில் செய்ததைச் சுருங்கிப்போன காடு செய்திருக்கிறது.

நம் பக்கமும் இல்லாமல் இல்லை. 2017இல் நீலகிரியில் வெளிறிய ஒரு புலி படமெடுக்கப்பட்டது. 2023இல் கோவை போத்தனூர்ப் பக்கம் ஒரு வெள்ளை நாகத்தைப் பிடித்து ஆனைகட்டிக் காட்டில் விட்டார்கள். விட்டதுதான் முறை. வெள்ளை நாகத்துக்கு மண்ணில் ஒளிய முடியாது, பருந்து பார்த்துவிடும். ஆனாலும் அதன் பிரதி ஒன்று சாதாரண நிறக் குஞ்சுகளுக்குள் போய்ப் பத்திரமாக இருக்கும்.

திரும்பும் ரயிலில் அவனுடைய கேள்வி வந்தது. அந்த இரண்டு மஞ்சள் குட்டிகளில் ஒன்று ஆண், ஒன்று பெண். கூடப்பிறந்தவை. வளர்ந்ததும் இரண்டையும் சேர்த்தால் பிறப்பது அத்தனையும் மஞ்சள்தான், ஒரு முட்டையும் வீண் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நல்ல விலை. ராஜா, ராணியின் கதை அப்படியே.

நான் காங்கயம் மாட்டுக்காரர்களைச் சொன்னேன். கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் மயிலைக்குத் திரும்புவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பழையகோட்டை பட்டக்காரர் தொழுவம் தலைமுறையாகப் பொலிகாளை தேர்ந்த இடம். கண்ணபுரம் சந்தையில் காளை வாங்க வருகிறவர் மயிலையா காரியா என்று பார்ப்பார்தான். ஆனால் அதற்கு முன் காலைப் பார்ப்பார், குளம்பைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், இது எந்தப் பசுவின் கன்று என்று கேட்பார். ஒரே காளையை அதன் வழிக்கே மறுபடி விடுவதில்லை என்று விவரமுள்ளவர்கள் பிடிவாதமாக இருப்பார்கள்.

"அப்போ வெளியிலிருந்து உறவில்லாத பழுப்புப் பொண்ணு ஒண்ணைக் கொண்டு வரோணும்ங்க மாமா" என்றான். "ஈத்து முழுக்கப் பழுப்புதான் வரும். ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. அதுக பெருசாக மூணு வருசம். அதுக்கப்புறமும் வேற பக்கத்து ஹெட்டைத் தேடிப் புடிக்கோணும்."

"பேகம் போட்ட பத்தும் அப்படித்தான கண்ணு இருந்துச்சு."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு போனை எடுத்து, பெங்களூரில் முறையாகப் பதிந்து வளர்க்கும் ஒருவரிடம் பழுப்புப் பெண் பைத்தான் இருக்கிறதா, அதன் தாய் தகப்பன் எங்கிருந்து வந்தவை, எழுதி வைத்திருக்கிறாரா என்று கேட்கத் தொடங்கினான். மட்காவ் தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. கார்வாரில் திரும்ப வந்ததும் மறுபடி கூப்பிட்டான்.